மான் விழுந்த மழையில் நான் வாங்கிக் கொடுத்த டீ

நான் எதையும் வேட்டையாடியவன் இல்லை. துப்பாக்கி பிடித்ததில்லை, கண்ணி வைக்கத் தெரியாது. கோழியைக்கூடக் கடைக்காரர் வெட்டும்போது எதிரே இருக்கிற மெடிக்கல் ஷாப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். இருந்தும் ஒரு மானைக் கொன்றதில் எனக்குப் பங்கு உண்டு. மற்றவர்கள் மழையில் நனைந்துகொண்டு காட்டுக்குள் போனார்கள். நான் காட்டுக்கு வெளியே, நனையாமல், ஒரு டீக்கடையில் ஒரு மனிதனை முக்கால் மணி நேரம் உட்கார வைத்திருந்தேன். அதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த சில வேலைகளில் அதுவும் ஒன்று என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்கள் பக்கம் மான் இருக்கிறது என்று சொன்னால் நகரத்துக்குள் இருக்கிற சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். "வண்டலூர் ஜூல இருந்து தப்பிச்சு வந்ததா?" என்று கேட்பார்கள். விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது. கோவிலம்பாக்கத்தைத் தாண்டி, அபார்ட்மெண்டுகளும் கார் ஷெட்டுகளும் கல்யாண மண்டபங்களும் போக மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரு புதர்க்காடு உண்டு. சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே பழைய கல்குவாரிப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீர், களாச்செடி, காரைமுள், இடுப்பளவு புல். அதற்குள் புள்ளிமான்கள் எங்கள் குடும்பத்தைப் போலவே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. எங்கள் நிலம் பிளாட்டாகப் போய்விட்டது. அவற்றின் நிலத்துக்கு வேலி போட்டார்கள். யாருக்கு லாபம் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வேலியைச் சுற்றி வந்து காவல் காத்தவன் என் நண்பன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. நான் கோயில் தெரு, அவன் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற தெரு. எனக்குப் பரீட்சை எழுத வராது, அவனுக்கு எழுதவே பிடிக்காது. இருவரும் சேர்ந்தே தோற்றோம். பிறகு எங்கள் அப்பா நிலத்தை விற்று வைத்த ஹார்டுவேர் கடையில் நான் உட்கார்ந்தேன், டைல்ஸும் பாத்ரூம் சாமான்களும் சேர்த்துக் கடையைப் பெரிதாக்கினேன். அவன் பெயிண்டிங், பந்தல், வாட்டர் கேன் என்று எல்லா வேலையும் பார்த்துவிட்டு, கடைசியில் காட்டுக்குக் காவலாளாக தினக்கூலியில் சேர்ந்தான். கையில் ஒரு தடி, கழுத்தில் ஒரு விசில். தெருநாய்களை விரட்ட வேண்டும், குப்பை கொட்ட வருகிறவர்களோடு சண்டை போட வேண்டும், யாராவது வேலியை வெட்டியிருந்தால் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும்.

பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. நான் சொல்கிற அந்த மழைக்காலத்துக்கு முன்புதான் அவனுக்கு ஒரு நல்ல சேதி வந்திருந்தது. பொங்கலுக்குள் சில பேரைப் பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், பட்டியலில் அவன் பெயரும் இருக்கிறது. ஆர்டர் கைக்கு வரவில்லை. அதற்குள் அஸ்தினாபுரத்தில் ஒரு டெய்லரிடம் காக்கி யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்துவிட்டான். கடைக்கு வந்து என்னிடமே அளவு எடுத்த கதையைச் சொன்னான். "டெய்லர் கேக்கறான் மச்சான், தோள்ல பட்டை வெக்கணுமான்னு. வெய்யிடான்னுட்டேன். வெக்கக் கூடாதுன்னா பிரிச்சிக்கலாம், இன்னா இப்ப." கடையில் இருந்த கஸ்டமர் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் இதை எழுதுவதே வீண். அவன் மான்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு லேசாகப் பொறாமை வரும். "என் மான்" என்றுதான் சொல்வான். எது சினையாக இருக்கிறது, எதற்குக் கால் நொண்டுகிறது, எல்லாம் தெரியும். நான் ஏசியில் உட்கார்ந்து கமோடு விற்கிறவன், என்னிடம் "என்" என்று சொல்லிக்கொள்ள அப்படி ஒன்றும் இல்லை. தினக்கூலிக்காரனுக்கு இவ்வளவு பெருமையா என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷம் வெட்கமாக இருக்கும். தோன்றியது தோன்றியதுதானே.

இனி என் மாமாவுக்கு வருகிறேன். என் அக்காவைக் கட்டியவர், கேளம்பாக்கத்துக்காரர், பிளாட் புரோக்கர். நாக்கு நீளம், சாப்பாட்டு விஷயத்தில் மட்டும். காடை, கௌதாரி, முயல் என்று எங்கே எது கிடைத்தாலும் தேடிப் போய் வாங்கி வருவார். தப்பு என்று சொன்னால், "எல்லாம் கடவுள் படைச்சதுதான் மாப்ள" என்பார். அக்கா அவரை ஒன்றும் சொல்ல மாட்டாள், நாங்களும் சொல்ல மாட்டோம். அக்காவைக் கட்டியவரிடம் முகம் கோணினால் அது அக்கா தலையில்தான் விடியும் என்று பயந்து பயந்தே எங்கள் வீட்டில் எல்லோரும் அவருக்குத் தலையாட்டிப் பழகிவிட்டோம்.

அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் புயல் சின்னம் என்று நாலு நாளாக மழை. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமா ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மழையையே பார்த்தார். பிறகு எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

"மழைல மான் புதர்ல நிக்காது மாப்ள. எலைல இருந்து சொட்டுற சத்தத்துல அதுக்கு வேற எந்த சத்தமும் கேக்காது. பயந்துகினு வெட்டவெளிக்கு வந்துடும். அப்டியே நனைஞ்சிகினு நிக்கும். மனுஷ வாடையும் அதுக்குத் தெரியாது, காலடி சத்தமும் கேக்காது. தரை சேறு, ஓட்டமும் வராது. இத்த விட்டா வேற நேரம் கிடைக்குமா?"

"அங்க காவலுக்கு ஆள் இருக்கு மாமா," என்றேன்.

"மழைல எவன் சுத்துவான்? எங்கனா ஒதுங்கிடுவான்."

அங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். நண்பனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்து, பெருமையாகச் சொன்னேன்: "அவன் ஒதுங்க மாட்டான். மழைலதான் நாய்ங்க உள்ள பூரும்னு காலைல ஆறு மணிக்கே வந்துடுவான். கோணிய தலைல போட்டுகினு மத்தியானம் வரைக்கும் சுத்துவான்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன் ஃப்ரெண்டுதானே? ஒண்ணு பண்ணு. நாளைக்கு காலைல அவன டீக்குக் கூப்டு. அவ்ளோதான் நீ பண்ண வேண்டியது. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

டீக்குக் கூப்பிடுவது என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியாது. எங்கள் பக்கம் அதற்கு ஒரு முறை இருக்கிறது. டீக்குக் கூப்பிட்டவன் எழுந்திருக்கும் வரை வந்தவன் எழுந்திருக்க மாட்டான். முன்னால் எழுந்தால், "இன்னாபா, என் டீ கசக்குதா?" என்று கேட்டுவிடுவார்கள். அது சின்ன விஷயம் இல்லை, பத்து நாள் பேச்சு இருக்காது. மழையும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். "இரு, மழை விடட்டும்" என்று ஒருவர் சொல்லிவிட்டார் என்றால் மற்றவர் கிளம்ப முடியாது. மழையில் ஒருவரைப் போக விடுவது சொன்னவருக்கு அவமரியாதை, சொன்ன பிறகும் போவது அதைவிடப் பெரிய அவமரியாதை. நாங்கள் பொண்ணு பார்க்க வந்தவர்களைக்கூட இப்படிச் சொல்லியே ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார வைத்திருக்கிறோம். மாமா பெண் எடுத்தது இந்த ஊரில், அவருக்கு இதெல்லாம் அத்துப்படி.

நான் முடியாது என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "டீதானே மாமா" என்று சொன்னேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, காட்டு வேலி திரும்புகிற முனையில் இருக்கிற டீக்கடைக்குப் போனேன். தகரக் கூரை, மேலே நீல தார்ப்பாய், இரண்டு பெஞ்சு. மழை விடாமல் நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் வேலியோரமாக வந்தான். தலையில் கோணி, பேண்ட்டு முழங்கால் வரை மடித்து, காலெல்லாம் செம்மண். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததை நான் இப்போதும் பார்க்கிறேன்.

"இன்னா மச்சான், இந்த மழைல இங்க? கடை தொறக்கல?"

"இந்த மழைல யாரு டைல்ஸ் வாங்க வருவாங்க? வா, டீ சாப்டலாம்."

"டூட்டி கீதே."

"அஞ்சு நிமிஷம்டா."

தடியைக் கூரைக் கம்பத்தில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். முதல் டீ வந்தது. வெங்காய பஜ்ஜி சொன்னேன். அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சூட்டை வாங்கினான். பிறகு பேச ஆரம்பித்தான். நான் எப்படிப் பேச்சை வளர்ப்பது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் அவசியமே வரவில்லை. எங்கள் கணக்கு வாத்தியார் பிரம்பைத் தேடிய கதை, ஏரியில் நாங்கள் தெர்மாக்கோல் படகு விட்டு மூழ்கிய கதை என்று எல்லாவற்றையும் அவனே எடுத்தான். நான் சிரித்தேன். அதுதான் கேவலம். நடிக்கவில்லை, நிஜமாகவே வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு பத்து நிமிஷம் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

"உன்னோட இப்டி குந்தி பேசி எத்தினி வருஷம் ஆச்சு மச்சான்," என்றான். "நீ பெரிய ஆளாயிட்ட. கடைக்கு வந்தா கஸ்டமர் கீறாங்கோ. எனக்கும் நின்னு பேச ஒரு மாதிரி கீது."

"அப்டிலாம் ஒண்ணுமில்லடா," என்றேன். இரண்டாவது டீ சொன்னேன்.

அவன் வேலையில் சேர்ந்த புதிதில் காட்டுக்குள் தனியாகப் போகப் பயந்ததைச் சொன்னான். யாரிடமும் சொன்னதில்லையாம். பேய் பயம் இல்லை, யாராவது ஆயுதத்தோடு வந்தால் ஒரு விசிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பயம். "இப்ப இல்ல. இப்ப எவனாவது வந்தா மேல உழுந்து கடிச்சிடுவேன்," என்று சொல்லிச் சிரித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். எழுந்தான்.

"இரு, மழை விடட்டும்," என்றேன்.

உட்கார்ந்தான்.

மூன்றாவது டீ வந்தபோது காட்டுப் பக்கமிருந்து நாய்ச் சத்தம் கேட்டது. இரண்டு நாய்கள், இரண்டே குரைப்பு, பிறகு எதுவும் இல்லை. தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் மற்றவர்களுக்கு அது காதிலேயே விழுந்திருக்காது. அவனுக்கு விழுந்தது. பேச்சை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டிக் கேட்டான். கை தன்னால் விசிலுக்குப் போனது.

"உள்ள இருந்து வர்ற மாரி கீதே மச்சான்."

"தெருநாய்ங்கடா. மண்டபத்துல நேத்து கல்யாணம், எச்சில் எலைக்கு சண்டை போடுதுங்க."

"இல்ல, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"இன்னாடா, டீ கையில கீது, எழுந்து போற? உக்காரு. மழை விடட்டும்."

அவன் பாஷையிலேயே, விளையாட்டுபோல, ஆனால் கொஞ்சம் கோபமாகச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். காட்டைப் பார்த்தான். டீயைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான். ஊர் வழக்கத்துக்கும் டூட்டிக்கும் நடுவே அவன் என்னைத் தேர்ந்தெடுத்தான். இதை இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

என் போனில் மாமாவின் மிஸ்டு கால் வந்தது. அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். நான் எழுந்தேன். மழை விட்டிருக்கவே இல்லை.

அன்று மத்தியானம் கேளம்பாக்கத்தில் மாமா வீட்டுக் கார் ஷெட்டில் அதைப் பார்த்தேன். பெட்டை மான். கட்டட வேலைக்குச் சாரத்தில் கட்டுகிற பச்சை வலையை வேலிக்கும் குவாரிப் பள்ளத்துக்கும் நடுவே கட்டி, நாயை விட்டு அந்தப் பக்கம் ஓட்டியிருக்கிறார்கள். பச்சைப் புல்லில் பச்சை வலை, மழை வேறு, அது எதையும் பார்க்கவில்லை. என் கண்ணில் நிற்கிறது அதன் காதுதான். காதுக்குள் இருந்த மெல்லிய முடியில் மழைத்துளிகள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. கீறிய வயிற்றைச் சாக்கால் மூடியிருந்தார்கள், மற்றபடி தூங்குகிற கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. மாமா என் முதுகில் தட்டி, "நீ இல்லன்னா நடந்திருக்காது மாப்ள," என்றார். அக்கா மிளகு அரைத்துக்கொண்டிருந்தாள்.

நான் சாப்பிட்டேன். சாப்பிடவில்லை என்று எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த நாளே விஷயம் வெளியே வந்துவிட்டது. மாமாவின் ஆட்கள் அவசரத்தில் வலையை அவிழ்க்காமல் வந்திருக்கிறார்கள். தூக்கி வர வசதியாக அங்கேயே வயிற்றைக் கீறி, எடுத்த குடலையெல்லாம் புதரிலேயே போட்டுவிட்டார்கள். நாய்கள் அதை இழுத்துக்கொண்டு லேஅவுட் ரோட்டுக்கே வந்துவிட்டன. வாக்கிங் போன ஒரு அம்மா போட்டோ எடுத்து அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் போட, பத்து மணிக்கெல்லாம் ஜீப் வந்து நின்றது. முதல் கேள்வி, நேற்று காலை டூட்டியில் யார் இருந்தது? இரண்டாவது கேள்வி, நீ எங்கே போயிருந்தாய்?

நான் கடையில் உட்கார்ந்துகொண்டு யாராவது வருவார்கள் என்று மூன்று நாள் காத்திருந்தேன். கஸ்டமர் பைக் சத்தம் கேட்டால்கூட எழுந்து வாசலை எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. நாலாவது நாள் தாங்க முடியாமல் அவன் வீட்டுக்குப் போனேன். மழை ஓய்ந்து வெயில் அடித்தது. அவன் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"வேலைக்கு வர வேணாம்னுட்டாங்கோ," என்றான். "பட்டியல்ல இருந்து பேர எடுத்துட்டாங்கோ. அவங்கள சொல்லி இன்னா பண்றது? நான் இருக்க வேண்டிய நேரத்துல இல்ல."

"எங்க இருந்தன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்கோ. மழைக்கு ஒதுங்கி டீக்கடைல குந்திகினு இருந்தேன்னேன்."

"யாரோடன்னு கேக்கலயா?"

"தனியாதான்னு சொன்னேன். டீக்கடைக்காரருகிட்டயும் அப்டியே சொல்ல சொல்லிட்டேன். உன் பேர சொன்னா உன்னியும் கூப்ட்டு எழுதி வாங்குவாங்கோ. ஸ்டேஷன், ஆபீஸ்னு அலைய வுடுவாங்கோ. எதுக்கு உனக்கு பேஜாரு? நீ இன்னா பண்ண, டீதானே வாங்கிக் குடுத்த."

உள்ளேயிருந்து அவன் மனைவி எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் சொல்லியிருந்தால் அவன் வேலை மிஞ்சியிருக்கலாம். வேண்டுமென்றே தடுத்து வைத்தார்கள் என்று தெரிந்தால் ஆபீசில் ஒருவேளை இரக்கம் காட்டியிருப்பார்கள். ஆனால் மான் அடித்தால் ஜெயில். மாமா போனில் தினமும் அதைத்தான் சொன்னார். அக்கா அழுதாள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்தது எல்லாம் கோழைத்தனம்தான். "பாவம், நம்ம கடைல வேலை போட்டுக் குடுங்க," என்று என் மனைவி சொன்னாள். ஆள் தேவையில்லை என்றேன். அதே மாசம் வேறு ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டேன். தினமும் காலையில் என் நண்பன் முகத்தைப் பார்த்து "வாடா" என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அவன் தெருப் பக்கம் போவதை நிறுத்தினேன். சர்ச்சு திருவிழாவுக்கு அழைப்பு வந்தால் காணிக்கையை மட்டும் கடைப் பையன் கையில் கொடுத்தனுப்பினேன். பிறகு அவனே குடும்பத்தோடு செம்பாக்கம் பக்கம் வாடகைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று ராத்திரி எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அந்தத் தூக்கத்துக்காகவும் வருத்தப்படுகிறேன்.

மாமா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறார். சர்க்கரையும் கொழுப்பும் ஏறி டாக்டர் கறியை நிறுத்திவிட்டார். இப்போது ஆன்மிகம். குடும்ப குரூப்பில் தினமும் காலை வணக்கம் அனுப்புவார். மயில் படம், தாமரைப் படம். போன மாசம் ஒரு நாள் மான் படம் வந்தது. நான் குரூப்பை விட்டு வெளியேறினேன். ஏன் என்று அக்கா கேட்டாள், தெரியாமல் கை பட்டுவிட்டது என்றேன்.

போன சித்திரையில், கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம், தாம்பரம் வேளச்சேரி ரோட்டில் ஒரு அபார்ட்மெண்டுக்குப் போனேன். ஒரு கஸ்டமருக்குச் சமையலறை டைல்ஸ் சாம்பிள் காட்ட வேண்டும். கேட்டில் வண்டியை நிறுத்தினேன். செக்யூரிட்டி எழுந்து வந்து சல்யூட் வைத்தார். நீலச் சட்டை, தொப்பி, நரைத்த மீசை. கை இறங்கும்போதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"மச்சான்!" என்றான்.

கேட் பக்கத்தில் இருந்த கூண்டு மாதிரி அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், தன் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்தான். அவன் தண்ணீர் கேன் மேல் உட்கார்ந்தான். மூத்த பெண் நர்ஸிங் முடித்துவிட்டாள், சின்னவன் டிப்ளமா. முழங்கால் வலி, மற்றபடி குறையில்லை. பன்னிரண்டு மணி நேர டூட்டி. என் கடை எப்படிப் போகிறது, என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று எல்லாம் கேட்டான். ஏழு வருஷமாக நீ ஏன் வரவில்லை என்பதை மட்டும் கேட்கவில்லை. டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தான்.

அந்த ஃபேன்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெயிலில் அவன் முகத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது, காற்று முழுக்க எனக்கு வந்தது. சொல்லிவிட்டேன். மாமா, வலை, மிஸ்டு கால், நாய்ச் சத்தம் கேட்டபோது நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். கறி சாப்பிட்டதையும் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் அழுதேன். அழுதது நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டுவான் என்று நினைத்தேன். பரவாயில்லை விடு என்பான் என்றும், அதுதான் என் நண்பனின் சுபாவம் என்றும், உள்ளுக்குள் கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

அவன் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

"வேலை போனது பழகிடுச்சு," என்றான். "மொதல்ல கஷ்டமா இருந்துச்சு. அப்பறம் பழகிடுச்சு. ஆனா அந்த நாள நான் அப்டி நெனச்சதே இல்ல. நைட் டூட்டில தூக்கம் வரும்ல, அப்ப அத்த நெனச்சுக்குவேன். நீ கடைய வுட்டுட்டு, மழைல, எனக்காக வந்து குந்திகினு சிரிச்சிகினு இருந்த. என் வூட்ல திட்டும்போது கூட சொல்லுவேன். வேலைய குடிச்சு தொலைக்கல, தூங்கி தொலைக்கல. என் ஃப்ரெண்டோட சந்தோசமா பேசிகினு இருந்தேன், அதுல போச்சு, போனா போவட்டும்னு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"இத்த நீ சொல்லாமயே இருந்திருக்கலாம். இப்ப உனக்கு நல்லா கீது. எனக்கு இன்னா கீது?"

வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் எழுந்து போய் கேட்டைத் திறந்தான், சல்யூட் வைத்தான், கேட்டைச் சாத்தினான். திரும்பி வந்தவன் உட்காரவில்லை. மேஜை மேலிருந்த நீள நோட்டை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி என் முன்னால் வைத்தான்.

"பேரு, போன் நம்பரு, எந்த ஃபிளாட்டு எல்லாம் எழுதிட்டு மேல போங்க சார்," என்றான்.

எழுதினேன். என் கையெழுத்து ஒன்றாம் வகுப்புப் பையனுடையது மாதிரி கோணலாக வந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, அடுத்து வந்த ஸ்கூட்டருக்குக் கேட்டைத் திறக்கப் போய்விட்டான்.